மேட்ரனுக்குக் கால் மாத்திரை

பிப்ரவரி 4

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று மதியம் என் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உங்கள் மருமகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திரைச்சீலை மாட்டுவதற்கு ஸ்டூல் மேல் ஏறி, எட்டாததால் அதன் மேல் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதிலும் ஏறியிருக்கிறாள். இடுப்பெலும்பு முறியாமல் வேறென்ன செய்யும்? பத்து வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம். மாப்பிள்ளை விடிவதற்குள் வேலைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருகிறார். ஆகவே பத்து வாரமும் நான் இங்கேதான்.

கல்யாணம் முடிந்த இந்த நான்கு வருடத்தில், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தும் நாம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்த நிலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோழியை உங்களிடம் விட வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு இறகு பட்டால் தும்மல். என் தம்பி வீட்டில் நாய். உங்கள் பெயரை மாப்பிள்ளை சொன்னபோது, "வேற யாரும் இல்லியா?" என்று மூன்று தடவை கேட்டேன். போனில் நான் பேசினால் உங்கள் காதில் விழாது என்று அவர் சொன்னதால்தான் இந்தக் கடிதம்.

மேட்ரனுக்கு வயது ஒன்பது. கோழிக் கணக்கில் அது நம்மைவிட மூப்பு. என் வார்டில் இருந்த தலைமை நர்ஸைப் போலவே மார்பை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள் என்பதால் அந்தப் பெயர். இதயம் பலவீனம். அதனால் வயிற்றில் நீர் சேர்கிறது. குணமாகிற வியாதி இல்லை. பார்த்துப் பார்த்து ஓட்டினால் ஓடும். அவசரத்தில் கூடையில் வைத்த சீட்டில் எழுதியிருப்பதுதான்: காலையில் கால் மாத்திரை, மாலையில் கால் மாத்திரை, வாழைப்பழத்தில் பொடித்து வைத்துக் கொடுக்க வேண்டும். உப்பு ஆகவே ஆகாது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்க வேண்டும். கொண்டை சிவப்பாக இருந்தால் நல்லது. ஊதா நிறமானால் உடனே டாக்டர்.

அவளைக் குழம்பாகப் பார்க்க வேண்டாம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை என நினைக்கிறேன். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தாய்

---

பிப்ரவரி 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. மருமகளை அசையாமல் இருக்கச் சொல்லவும். வாளி மேல் ஏறுவது எந்த விதிமுறையிலும் கிடையாது.

கோழி வந்து சேர்ந்த நாள் முதல் இன்று வரையிலான நிலவரம் கீழே.

முதல் நாள்: நான் கதவைத் திறந்ததும் கூடைக்குள்ளிருந்து என்னை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி அடுத்த கண்ணாலும் பார்த்தது. இரண்டு கண்ணுக்கும் நான் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள்: இங்கே ஒரு பிழை நடந்துவிட்டது. மறைக்க விரும்பவில்லை. நீங்கள் சீட்டில் "கால் மாத்திரை" என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைக் காலுக்கான மாத்திரை என்று எடுத்துக்கொண்டேன். கோழியும் கொஞ்சம் நொண்டுவதாகத்தான் தோன்றியது. ஒரு மாத்திரையை முழுதாகக் கொடுத்தேன். இரண்டு கால் இருக்கிறதே, ஒன்று போதுமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளையாகக் கொடுக்கவில்லை. அன்று முழுக்க அது வீடு முழுவதும் செய்த காரியத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. சாயந்திரம் எடை முந்நூறு கிராம் குறைந்திருந்தது. மருந்துக்கடைக்காரரிடம் போய், "இது காலுக்குத்தானே?" என்று கேட்டேன். அவர் மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, காலுக்கில்ல. கால்வாசி" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என்ன சத்தத்தில் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது பிளேடால் நான்காக வெட்டி, நான்கும் சமமா என்று அளந்து கொடுக்கிறேன். இன்றைய எடை 2 கிலோ 290 கிராம். கொண்டை சிவப்பு.

இன்னொன்று. ராத்தங்கலுக்கு உயரமான இடம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. ஆனால் ஏற முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. ஆகவே சமையலறை ஜன்னல் திண்டுக்கு ஒரு சின்ன லிஃப்ட் செய்தேன். பழைய மேஜை டிராயர், இரண்டு கப்பி, கைப்பிடி, எதிர் எடைக்கு ஒரு செங்கல். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இது அரை நாள் வேலை. மேட்ரன் இரண்டு தடவை ஏறி இறங்கினாள். மூன்றாவது தடவை இறங்க மறுத்துவிட்டாள். டிராயரிலேயே உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றும்படி என்னைப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தகப்பன்

பி.கு. அது என்று தொடங்கி அவள் என்று முடித்திருக்கிறேன். திருத்த நேரமில்லை.

---

பிப்ரவரி 17

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

முழு மாத்திரை! நான் உட்கார்ந்துதான் படித்தேன். படுத்திருந்த உங்கள் மருமகள் சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன். தமிழில் எழுதிய இரண்டே வார்த்தை. முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து எத்தனையோ டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்திருக்கிறேன். ஒரு நோயாளிக்கும் இப்படி ஆனதில்லை.

அதைக்கூட மன்னிப்பேன். லிஃப்ட்? யாரைக் கேட்டு என் கோழியை லிஃப்டில் ஏற்றினீர்கள்?

நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. என் ஒரே பெண்ணின் கல்யாணம். மண்டபம் ஐந்தாவது மாடியில். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் பூத்தட்டோடு, நீங்கள் பராமரித்த லிஃப்டில் ஏறினேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. நாற்பத்தைந்து நிமிடம். விளக்கும் அணைந்துவிட்டது. மேலே நாதஸ்வரம் கேட்கிறது, என் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிறது, நான் இருட்டில் நிற்கிறேன். கதவைப் பிளந்து என்னை வெளியே இழுத்தபோது இருநூறு பேர் முன்னால் நீங்கள் சொன்னது என்ன? "எடை அதிகமானா நிக்கத்தான் செய்யும்."

அன்றோடு சரி. எனக்கு லிஃப்டும் வேண்டாம், லிஃப்ட்காரர் உறவும் வேண்டாம்.

டிராயரைக் கழற்றுங்கள். அவள் தரையிலேயே தூங்கட்டும். அடம்பிடித்தால் கைகளால் தூக்கி வையுங்கள். இறக்கைக்கு மேலாக இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், வயிற்றை அழுத்தக் கூடாது.

நிறைய எழுத நினைத்தேன். பால் தீர்ந்துவிட்டது. வாங்கிக்கொண்டு ஏழு மாடி ஏறி வருவதற்குள் தபால் பெட்டியைத் திறந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
மருமகளின் தாய்

---

பிப்ரவரி 26

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மேட்ரன் உயிரோடு இருக்கிறாள். இனி நடந்தது.

திங்கட்கிழமை காலை எடை 2 கிலோ 760. ஞாயிற்றுக்கிழமையைவிட இருநூறு கிராம் அதிகம். கொண்டை ஊதா. வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட்டாள். வாழைப்பழத்தைக் காட்டினேன். வேறு பக்கம் பார்த்தாள். பையில் துண்டு விரித்து, அவளை வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மிகை. இப்போதெல்லாம் ஷூவுக்குள் கால் நுழைவதில்லை, துணி சுருங்குவதைப் போல ஷூவின் தோலும் சுருங்கும்போல. செருப்பைப் போட்டுக்கொண்டு மூன்று இடத்தில் நின்று நின்று போனேன்.

வரவேற்பில் இருந்த பெண் நோட்டைத் திறந்தாள்.

"பேஷன்ட் பேரு?"

"மேட்ரன்."

"அவங்க எங்க சார்?"

"பைக்குள்ள."

பக்கத்தில் ஒருவர், அவர் நாய்க்குச் சொறி, பைக்குள் எட்டிப் பார்த்தார். "இவ்ளோ வயசான கோழி வேகவே வேகாதே" என்றார். இது மட்டும் எப்படியோ என் காதில் தெளிவாக விழுந்தது. நான் அவரிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது. நாய் வெட்கப்பட்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என் காதுக்கு அருகில் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "ஐயா, இதுக்கு ரொம்ப வயசாயிடுச்சு. ஒரு ஊசி போட்டா வலியில்லாம தூங்கிடும். இல்லேன்னா வயித்துல இருக்கிற நீரை எடுத்துப் பார்க்கலாம். எடுக்கும்போதே இதயம் நின்னாலும் நிக்கும். நீங்கதான் சொல்லணும்."

"இது என் கோழி இல்லம்மா."

"அப்ப அவங்ககிட்ட கேளுங்க."

கிளினிக் போனிலிருந்து உங்களை அழைத்தேன். நீங்கள் ஏதோ கத்தினீர்கள். அது "எடுங்க" என்பதா, "விடுங்க" என்பதா என்று எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன், திரும்பக் கத்தினீர்கள். பிறகு கட்டாகிவிட்டது.

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் எத்தனையோ லிஃப்டுகளைப் பார்த்து, இது ஓடும், இது ஓடாது என்று சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. மேஜைக்குத் திரும்பினால், மேட்ரன் டாக்டரின் கோட்டுப் பித்தானைக் கொத்திப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குகிறது, கண் பாதி மூடியிருக்கிறது, ஆனால் பித்தானை விடவில்லை. போக இஷ்டமுள்ளவள் எதற்குப் பித்தானைப் பிடிக்கிறாள்? "நீரை எடுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். தவறாக இருந்தால் பழி என்னுடையது.

முந்நூற்று இருபது மில்லி எடுத்தார்கள். நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறக்கைக்கு மேலாக, இரண்டு கையாலும். சாயந்திரம் வாழைப்பழம் சாப்பிட்டாள். கொண்டை சிவந்தது. அன்றிலிருந்து அவள் கூடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூங்குகிறேன். படுத்தால் எனக்கும் தூக்கம் வருவதில்லை, ஆகவே கஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம். போன கடிதத்தில் பால் வாங்கிக்கொண்டு ஏழு மாடி ஏறுவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. இரண்டு இருக்கிறது, நானே பார்த்தேன். நான்கு வருடமாக எந்த லிஃப்டிலும் நீங்கள் ஏறுவதில்லை என்று பையனிடம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முழங்கால் வீங்குகிறதாமே.

அன்றைக்கு லிஃப்ட் நின்றது எடையால் இல்லை. அது எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட். நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். மூன்றாவது மாடிக் கதவின் மின்தொடர்பு முனையில் தூசி அடைந்திருந்தது. முந்தின வாரமே பார்த்தேன். கல்யாண வேலை முடியட்டும், பிறகு துடைக்கலாம் என்று விட்டுவிட்டேன். இருநூறு பேரும் என்னைப் பார்த்தபோது, வாயில் வந்ததைச் சொல்லித் தப்பித்தேன். தவறு என்னுடையது. நான்கு வருடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சம்பந்தி

---

மார்ச் 4

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

"எடுங்க" என்றுதான் கத்தினேன். "தண்ணியை எடுங்க, தண்ணியை எடுங்க" என்று ஆறு தடவை. கீழ் வீட்டுக்காரர் குழாய் உடைந்துவிட்டதென்று நினைத்து வாளியோடு ஓடி வந்தார். பக்கத்தில் காது கேட்கிற யாரிடமாவது ரிசீவரைக் கொடுக்க உங்களுக்குத் தோன்றவில்லையா? ஒரு கிளினிக் முழுக்கக் காதுகள். நாய்க்குக்கூட இரண்டு இருந்தது.

போகட்டும். சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். நான் அங்கே இருந்திருந்தாலும் அந்தப் பித்தானைப் பார்த்துத்தான் முடிவு செய்திருப்பேன்.

லிஃப்ட் விஷயத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழிக்கலாமென்று எடுத்தேன். தூசி! நான்கு வருடமாக நான் ராத்திரிச் சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தூசிக்காக! உங்கள் மருமகளிடம் படித்துக் காட்டினேன். அவள் கடிதத்தை வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். பிறகு, "அம்மா, அவர் யார்கிட்டயும் சாரி சொல்லி நான் பார்த்ததே இல்லம்மா" என்றாள். அப்படியும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. கோபத்தோடு வெளியே போனேன். லிஃப்ட் திறந்திருந்தது. அதே கோபத்தோடு ஏறிவிட்டேன். கீழே போகும் வரை கைப்பிடியை விடவில்லை. பால் வாங்கினேன். மறுபடியும் ஏறி வந்தேன். அன்று ராத்திரி முழுச் சோறு சாப்பிட்டேன்.

இப்போது நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும். ஷூவுக்குள் கால் நுழையவில்லை. கிளினிக் வரை இரண்டு தெரு நடக்க மூன்று இடத்தில் நின்றீர்கள். படுத்தால் தூக்கம் வருவதில்லை, சாய்ந்து உட்கார்ந்தால்தான் வருகிறது. தோல் சுருங்குவதா? எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்? முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், கட்டைவிரலால் அழுத்துங்கள். ஐந்து எண்ணுங்கள். விரலை எடுங்கள். குழி விழுந்து அப்படியே நிற்கிறதா?

நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மேட்ரனை எடை பார்த்து முடித்ததும் உங்களையும் தராசில் நிறுத்திப் பாருங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி

---

மார்ச் 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலம். மேட்ரன் நலம்.

எடை: 6ஆம் தேதி 2 கிலோ 310. 7ஆம் தேதி 2 கிலோ 310. 8, 9, 10, 11, 12 ஆகிய தேதிகளிலும் 2 கிலோ 310. கொண்டை சிவப்பு. தீனி நன்றாக எடுக்கிறாள். கவலைப்பட ஒன்றுமில்லை. மருமகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும். நீங்கள் லிஃப்டில் ஏறியது சந்தோஷம்.

கடிதம் சிறியதாக இருப்பதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம்.

இப்படிக்கு,
சம்பந்தி

---

மார்ச் 18

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

உங்களுக்கு என்ன வேலை அதிகம்? ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஆகிறது.

முப்பத்திரண்டு வருடம் நான் நோயாளிகளின் சார்ட் படித்தேன். ராத்திரி தூங்கிப்போன நர்ஸ், காலையில் உட்கார்ந்து எழுதுகிற சார்ட் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும். ஏழு நாளும் ஒரே எண்தான் இருக்கும். இருநூறு கிராம் தங்கமாக இருந்தால் ஏழு நாளும் ஒரே எடை காட்டும். வயிற்றில் நீர் சேருகிற கோழி காட்டாது. எச்சம் போட்டாலே இருபது கிராம் மாறும்.

லிஃப்டுக்கு இருபது வரி, கிளினிக்குக்கு நாற்பது வரி எழுதுகிறவர், காலில் குழி விழுந்ததா என்று கேட்டதற்கு ஒரு வரி எழுதவில்லை. கையெழுத்தும் கோணலாக இருக்கிறது.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, மேட்ரன் போய்விட்டாள். அப்படியானால் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். இரண்டாவதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

உண்மையை எழுதுங்கள். இது கெஞ்சுவது இல்லை, உத்தரவு.

இப்படிக்கு,
சம்பந்தி

---

மார்ச் 24

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்கள் எழுத இஷ்டப்படாத இரண்டாவதுதான்.

குழி விழுகிறதா என்று கேட்ட உங்கள் கடிதம் வந்த அன்றே முழங்காலுக்குக் கீழே அழுத்தினேன். ஐந்து எண்ணினேன். குழி விழுந்தது. ஒரு ரூபாய்க் காசை வைத்தால் நிற்கும். மேட்ரன் வந்து குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு அதில் ஒரு கொத்துக் கொத்தினாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கால்நடை டாக்டரிடம்தான் முதலில் போனேன், மேட்ரனுக்கு மாத்திரை வாங்க. அந்தப் பெண் என் காலைப் பார்த்தாள். "ஐயா, நான் மனுஷங்களுக்குப் பார்க்கக் கூடாது. ஆனா நீங்க மேட்ரன் மாதிரியே மூச்சு விடுறீங்க" என்றாள். அவளே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மேட்ரனைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அன்று மார்ச் ஏழாம் தேதி. உங்களுக்குப் போன கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் எழுதினேன். ஏன் பொய் எழுதினேன் என்றால், உண்மையை எழுதினால் நீங்கள் பெண்ணைப் பாதியில் விட்டுவிட்டு வருவீர்கள், அல்லது பையன் வேலையை விட்டுவிட்டு வருவான். இரண்டும் சரியில்லை. பொய் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும், எனக்கு அது தெரியவில்லை.

இதயம்தான். குணமாகிற வியாதி இல்லை என்றும், பார்த்துப் பார்த்து ஓட்டினால் ஓடும் என்றும் டாக்டர் சொன்னார். எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. உப்பு ஆகாதாம். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டுமாம். மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதே மாத்திரை! "இதை நாலா வெட்டணுமா?" என்று கேட்டேன். "நீங்க என்ன கோழியா?" என்றாள் நர்ஸ்.

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயந்திரம் மேட்ரனும் வந்தாள். டாக்டர் பெண் தினமும் எடை பார்த்து எழுதி வைத்திருக்கிறாள். உண்மையான எண்கள்: 2 கிலோ 340, 2 கிலோ 325, 2 கிலோ 380, 2 கிலோ 410, மாத்திரை கூட்டிய பிறகு 2 கிலோ 330. நான்: சேர்ந்தபோது 71 கிலோ, இன்றைக்கு 64. ஏழு கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு நான் நடந்திருக்கிறேன்.

பையனிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
சம்பந்தி

---

மார்ச் 29

சம்பந்தி ஐயாவுக்கு,

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை வருகிறார். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புவார். அதற்குள் வேலையும் போகாது, என் பெண்ணும் வாளி மேல் ஏற மாட்டாள், நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஊறுகாய் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஒருநாளில் ஒரு கிலோ ஏறினால் டாக்டரிடம் போக வேண்டும். யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது.

டிராயர் லிஃப்டைக் கழற்றியிருந்தால் மறுபடியும் மாட்டுங்கள். அவளைக் குனிந்து தூக்குவது இப்போது உங்களுக்கு ஆகாது.

பெண் ஏப்ரல் இரண்டாவது வாரம் நடக்கப் பழகிவிடுவாளாம். பிறகு வந்துவிடுகிறேன். இனிமேல் பொய்ச் சார்ட் எழுதினால் நானே வந்து ஊசி போடுவேன், பெரிய ஊசி.

சம்பந்தி

---

மே 21

சம்பந்தி ஐயாவுக்கு,

இரண்டு தெரு நடந்து வந்து நேரில் சொல்லியிருக்கலாம். வாசல் வரை வந்தேன். பிறகு திரும்பிவிட்டேன். நேரில் சொன்னால் உங்கள் காதில் விழுகிற மாதிரி கத்த வேண்டும். இது கத்திச் சொல்கிற விஷயம் இல்லை.

மேட்ரன் இன்று காலை போய்விட்டாள்.

நான் ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு, இந்த ஐந்து வாரமும் என்னோடுதான் இருந்தாள். உங்கள் வீட்டில் கற்ற கெட்ட பழக்கத்தோடு, டிராயரைத் திறந்த சத்தம் கேட்டால் உள்ளே ஏறி உட்கார்ந்துவிடுவாள். என் புடவைகளுக்கு நடுவில் ஒருநாள் தேடிக் கண்டுபிடித்தேன். போன வாரம் நாம் மூவரும் கிளினிக்குக்குப் போய் நீர் எடுத்தோமே, அதற்குப் பிறகும் இரண்டு நாளில் ஏறிவிட்டது. நீர் எடுத்த அன்றைக்கே டாக்டர் பெண் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் பையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

காலையில் எடை பார்த்தேன். 2 கிலோ 690. வாழைப்பழம் பாதி சாப்பிட்டாள், மாத்திரை இல்லாத பாதி. அந்தச் சாமர்த்தியம் கடைசி வரைக்கும் போகவில்லை. பிறகு வெயில் விழுகிற இடத்துக்குத் தானே நடந்து போனாள். நான் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பழக்கதோஷம், மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது, முப்பத்தாறு, இருபத்தெட்டு. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். நோயாளி ஒருவருக்கும் நான் இப்படி எண்ணாமல் விட்டதில்லை. சும்மா தடவிக்கொண்டு இருந்தேன். எப்போது நின்றது என்று சரியாகத் தெரியாது. சார்ட்டில் நேரம் எழுதவில்லை.

பின்சுவர் ஓரம் குழி வெட்டினேன். உங்களைக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். கூப்பிட்டால் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கியிருப்பீர்கள்.

நீங்கள் அன்றைக்கு எடுத்த முடிவால் அவளுக்குக் கிடைத்தது எண்பத்தேழு நாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சம்பந்தி

---

மே 22

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதத்தைக் காலையில் கதவிடுக்கில் பார்த்தேன். இரண்டு தடவை படித்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஆகவே வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். வாங்கின பிறகு எதற்கென்று தெரியவில்லை. மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அழுதேன். காது கேட்காதவன் அழுதால் சத்தம் எவ்வளவு வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். "கோழி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நாளைக்கு இந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். வியாழக்கிழமை எனக்கு இதயத்தை மறுபடியும் ஸ்கேன் எடுக்கிறார்கள். மார்ச்சில் இருந்ததைவிட மோசமா, பரவாயில்லையா என்று அன்றைக்குச் சொல்வார்கள். டாக்டர் சொல்வது எனக்குப் பாதிதான் கேட்கும். அது ஒரு காரணம். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பையனுக்கு எழுதினால் ஓடி வந்துவிடுவான், ஆகவே எழுதவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை.

காலை பத்து மணிக்கு ஆட்டோ வரச் சொல்லியிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம். வந்துவிடுங்கள்.

சம்பந்தி